மேல்தாடை வளராத பிள்ளைக்கு என்ன செய்வது, எப்போது செய்வது

எங்கள் வீட்டு அடுக்களைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் இரண்டு வாரத்துக்கு மட்டும் ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு டிக் இருக்கும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. 9 வயது மகளின் மேல் அண்ணத்தில் ஒட்டியிருந்த திருகை நான் சாவி போட்டுத் திருப்பிய கணக்கு அது. மளிகைக் கணக்கைவிடக் கவனமாக எழுதினேன்.

எனக்கு மருத்துவப் படிப்பு கிடையாது. பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. மகளுக்கு மேல்தாடை வளர்ச்சி குறைவு. என் அண்ணன் மகனுக்கும் அதேதான். அவனுக்கு 21 வயதில் மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரே குடும்பம், ஒரே கோளாறு. ஒன்று வாயிலும் முகத்திலும் மாட்டும் கருவியோடு நின்றது, இன்னொன்று ஆபரேஷன் தியேட்டர் வரை போனது. இரண்டையும் கூடவே இருந்து பார்த்தவள் என்பதால், இப்போதுதான் கவனிக்கத் தொடங்கியிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டிலேயே பாருங்கள்

பிள்ளையை வெளிச்சத்தில் உட்காரவைத்து, கடைவாய்ப்பல் இரண்டும் ஒட்டும்படி கடிக்கச் சொல்லுங்கள். உதட்டை விலக்கிப் பாருங்கள். டப்பாவுக்கு மூடி போட்டதுபோல, மேல்வரிசை கீழ்வரிசையைச் சுற்றிலும் கொஞ்சம் வெளியே நின்று மூட வேண்டும். முன்பக்கம் கீழ்ப்பல் வெளியே நின்றாலோ, பக்கவாட்டில் மேல்பல் உள்ளே இறங்கிக் கடித்தாலோ, மூடி டப்பாவைவிடச் சின்னது என்று அர்த்தம். கடிக்கும்போது தாடை ஒரு பக்கமாக ஒதுங்குகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் பக்கவாட்டில் நிற்கவைத்து செல்போனில் ஒரு படம் எடுங்கள். கண்ணுக்குக் கீழே, மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்னம் தட்டையாக இருந்து, மோவாய் மட்டும் துருத்தித் தெரிந்தால், "கீழ்த்தாடை நீளம்" என்றுதான் ஊரில் சொல்வார்கள். பல நேரம் கீழ்த்தாடை சரியாகத்தான் இருக்கும், மேல்தாடைதான் பின்தங்கியிருக்கும்.

தூங்கும்போது வாய் திறந்திருக்கிறதா, குறட்டை வருகிறதா, 4 வயதுக்கு மேலும் விரல் சூப்புகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மூக்கின் பின்னால் சதை வளர்ந்து வாயால் மூச்சு விடும் பிள்ளைக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டாமல் கீழேயே கிடக்கும். உள்ளிருந்து தாங்கும் நாக்கு இல்லாததால், கன்னத்தின் அழுத்தத்தில் மேல்தாடை ஒடுங்கிப்போகும். இந்தப் பிள்ளைகளை முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் பல் டாக்டரிடம் போவது நல்லது.

யாரிடம் போவது

பி.டி.எஸ். முடித்தவர் எல்லோரும் பல் டாக்டர்தான். ஆனால் தாடை வளர்ச்சிக்கு, அதன் பிறகு 3 வருடம் ஆர்த்தோடான்டிக்ஸில், அதாவது பல், தாடைச் சீரமைப்பில், எம்.டி.எஸ். படித்தவர் வேண்டும். எலும்பில் கை வைக்க, வாய் முகத் தாடை அறுவையில் எம்.டி.எஸ். படித்தவர் வேண்டும். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

இங்கே ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது; செலவைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் அங்கே சீட்டு போட்டுத் தொடங்கலாம். காவல்கிணறில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருநெல்வேலி புதிய பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ் ஏறிக் கேட்டு இறங்கலாம். கல்லூரியில் முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் பார்ப்பார்கள். காத்திருப்பு அதிகம், செலவு குறைவு. ஒரு எச்சரிக்கை: மாணவர் படிப்பு முடித்துப் போய்விட்டால் உங்கள் பிள்ளை வேறு கைக்கு மாறும். அதனால் ஃபைலின் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.

மேலுதடோ அண்ணமோ பிளந்து பிறந்த குழந்தையின் வழி வேறு. உதடு தைப்பது சுமார் 3 மாதத்தில், அண்ணம் 9 முதல் 18 மாதத்துக்குள். ஈறு பிளந்திருந்தால் 8 முதல் 11 வயதுக்குள் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்த இடைவெளியில் வைப்பார்கள். அண்ணத்தில் தைத்த தழும்பே பின்னாளில் மேல்தாடையை வளரவிடாமல் இழுத்துப் பிடிக்கும். அதனால் தையல் முடிந்ததோடு விட்டுவிடக் கூடாது, வளர வளரக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் அரசு மருத்துவக் குழு மூலம் உதவி கிடைக்கும். ஸ்மைல் ட்ரெயின் என்ற தொண்டு அமைப்போடு சேர்ந்த மருத்துவமனைகளில் அறுவை இலவசம்.

டாக்டரிடம் கேட்க இரண்டே கேள்வி

"கோளாறு பல்லிலா, எலும்பிலா?" இது முதல் கேள்வி. "வளர்ச்சி இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு?" இது இரண்டாவது.

இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தெரியாமல் நான் ஏமாந்தேன். மகளுக்கு 7 வயதில் ஒரு கிளினிக்கில் காட்டியபோது, "பால்பல் எல்லாம் விழட்டும்மா, பதிமூணு வயசுல கிளிப் போட்டுக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். கோணல் பல்லுக்கு அது சரியான பதில்தான். பின்தங்கிய மேல்தாடைக்கு அது ரயிலைத் தவறவிடும் பதில். பல்லை எந்த வயதிலும் நகர்த்தலாம், வளர்ச்சி ஒரு தடவைதான் வரும். 7 வயதில் ஒரு முறை ஆர்த்தோடான்டிஸ்ட் பார்த்துவிட வேண்டும் என்பது அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் சங்கத்தின் பரிந்துரை. அது எனக்குத் தெரியவரும்போது மகளுக்கு 9 நடந்துகொண்டிருந்தது.

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வாய் முழுக்க ஓபிஜி எக்ஸ்ரே, பக்கவாட்டில் தலை எக்ஸ்ரே, பல் அச்சு, போட்டோ எல்லாம் எடுப்பார்கள். அதற்கு முன்னால் டாக்டர் ஒன்று செய்தால் கவனியுங்கள்: பிள்ளையின் மோவாயை மெல்லப் பின்னால் தள்ளி, முன்பல் நுனியும் நுனியும் முட்டுகிறதா என்று பார்ப்பார். முட்டினால், ஏதோ ஒரு பல் இடறுவதால் பிள்ளை தாடையை முன்னால் நீட்டிக் கடிக்கிறது என்று பொருள். இதைச் சரிசெய்வது சுலபம்.

இரண்டாவது கேள்விக்கு அதே தலை எக்ஸ்ரேயில் கழுத்து எலும்பின் வடிவத்தைப் பார்ப்பார்கள். சில இடங்களில் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். பெண் பிள்ளை என்றால் பெரியவளாகிவிட்டாளா, ஆகி எத்தனை மாதம் என்று கேட்பார்கள். கூட வந்த என் மாமியாருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பல்லுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், ஆம்பளை டாக்டர் இதெல்லாமா கேப்பாவ?" என்றார்கள். சம்பந்தம் இருக்கிறது. உடம்பு சடசடவென்று வளரும் காலத்தின் உச்சம், பெரியவளாவதற்கு முன்பே வந்துவிடும். அப்புறம் வேகம் குறைந்துகொண்டே போகும். வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள்.

சாவி போட்டுத் திருப்புவது

மேல்தாடை பார்க்க ஒன்றாக இருந்தாலும் இடது, வலது என்று இரண்டு எலும்பு. அண்ணத்தின் நடுவில் தையல் போட்டதுபோல் சேர்ந்திருக்கும். சின்ன வயதில் அந்தத் தையல் இளக்கமாக இருக்கும். வயது ஏற ஏற இறுகும். இறுகுவதற்குள் நடுவில் ஒரு திருகை வைத்து இரண்டு பக்கமும் தள்ளினால் தையல் பிரிந்து, நடுவில் புது எலும்பு ஊறும். சான்பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்செல் என்ற பல் டாக்டர் 1860-லேயே ஒரு சிறுமிக்கு இதைச் செய்து எழுதினார். கூட இருந்தவர்களே நம்பவில்லை. நூறு வருடம் கழித்து, 1961 வாக்கில் ஆண்ட்ரூ ஹாஸ் என்பவர் எழுதிய பிறகுதான் இது புழக்கத்துக்கு வந்தது.

கடைவாய்ப்பல் இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் வைத்து ஒரு வாரம் இடம் உண்டாக்குவார்கள். அப்புறம் அச்சு எடுத்து, அந்தத் திருகு உள்ள கருவியை, எக்ஸ்பேண்டர் என்பார்கள், செய்து ஒட்டுவார்கள். முதல் இரண்டு நாள் பிள்ளைக்கு எச்சில் வழியும், "ச" எல்லாம் வேறு மாதிரி கேட்கும். சரியாகிவிடும்.

திருப்புவது உங்கள் வேலை. பிள்ளையின் தலையை மடியில் வைத்து, செல்போன் டார்ச்சை யாராவது பிடிக்க, திருகின் நடுவில் தெரியும் ஓட்டையில் சாவியை நுழைத்து, முன்பல் பக்கமிருந்து தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். அடுத்த ஓட்டை முன்னால் முழுசாகத் தெரியும்வரை தள்ளுங்கள். ஒரு திருப்புக்கு 0.25 மி.மீ. எங்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு, மொத்தம் 28 திருப்பு, 7 மி.மீ. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். சீட்டில் எழுதியதற்கு மேல் ஒன்றுகூடத் திருப்பாதீர்கள்.

சாவியில் நீளமாக ஒரு நூல் கட்டி அதை உங்கள் விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். தப்பித் தவறித் தொண்டைக்குள் விழுந்தால் இழுக்க அது ஒன்றுதான் வழி. இன்னொன்று, திருப்பிய பிறகு சாவியை வந்த வழியே முன்னால் இழுத்தால் திருப்பியது திரும்பிவிடும். தொண்டைப் பக்கம் சாய்த்தபடியே கீழே இறக்கி எடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் ராத்திரி கரண்ட் போன நேரத்தில் நான் அந்தத் தப்பைச் செய்தேன். "ஏட்டி, வலிச்சுதா?" என்று கேட்டால், "இல்லம்மா, லேசானதுபோல இருக்கு" என்கிறாள். அப்போதுதான் உறைத்தது. காலையில் போன் செய்தேன். ஒரு திருப்பு தவறியதாக வைத்துக்கொண்டு தொடரச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

வலி என்று பெரிதாக இருக்காது. மூக்குத் தண்டில், இரண்டு கண்ணுக்கு நடுவில் ஒரு அழுத்தம் தெரியும். ஆனால் ஒரு வாரத்தில் முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து விழும். மாமியார் பதறிப்போனார்கள். சந்து விழுவதுதான் தையல் பிரிந்ததற்கு அடையாளம். திருப்புவது நின்றதும் அது தானாகவே மெல்ல மூடிக்கொள்ளும். விழாவிட்டால்தான் டாக்டரிடம் ஓட வேண்டும்.

திருப்பி முடிந்த பிறகும் கருவியை உடனே கழற்ற மாட்டார்கள். நடுவில் எலும்பு கெட்டிப்பட ஆறு மாதம் வரை அப்படியே இருக்கும். இட்லி அண்ணத்தில் போய் அப்பிக்கொள்ளும். ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். பனங்கிழங்கும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் அந்த மாதங்களில் வீட்டுப் பக்கமே வேண்டாம். கிழங்கு நார் கம்பியில் சுற்றிக்கொண்டால் எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். நுங்கு தாராளமாகக் கொடுக்கலாம்.

முகமூடி

அகலப்படுத்தியது அகலத்துக்கு. மேல்தாடையை முன்னால் கொண்டுவர ஃபேஸ் மாஸ்க். நெற்றியிலும் மோவாயிலும் முட்டுக்கொடுத்து முகத்துக்கு முன்னால் ஒரு கம்பி நிற்கும். எக்ஸ்பேண்டரின் கொக்கியிலிருந்து அந்தக் கம்பிக்கு இரண்டு பக்கமும் ரப்பர். ரப்பர் இழுக்க, தாடை மெல்ல மெல்ல முன்னால் வரும். 10 வயதுக்குள் நன்றாக வேலை செய்யும், அப்புறம் பலன் குறையும்.

ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம் போட வேண்டும். பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகத் தேவையில்லை. சாயங்காலம் பள்ளிவிட்டு வந்து முகம் கழுவியதும் மாட்டினால் காலை வரை. கேட்க எளிது. சித்திரை வெயிலில், ஃபேன் நின்ற ராத்திரியில், மோவாயில் வேர்வை தேங்கிச் சிவந்து தடித்துப்போகும். பழைய வேட்டியைக் கிழித்து நான்காக மடித்து முட்டுக்குள் வைத்தேன், ஈரமானதும் மாற்றினேன். கடையில் விற்கும் பஞ்சை விட அது தேவலை. ரப்பரைத் தினமும் புதிதாக மாற்றுங்கள், பழையது தொய்ந்துவிடும்.

மகள் முதல் வாரம் அழுதாள். பக்கத்து வீட்டுப் பையன் ஹெல்மெட் என்று கேலி செய்தான். ஒன்பதாம் மாதம் முன்பல் சரியாக வெளியே நின்று கடித்தது. ஆனால் இங்கே உண்மையைச் சொல்ல வேண்டும்: மேல்தாடை சீக்கிரம் வளர்ந்து நின்றுவிடும், கீழ்த்தாடை உடம்போடு சேர்ந்து பிந்தி வரை வளரும். பெண்களுக்கு 15, 16 வரை, பையன்களுக்கு 18, 20 வரைகூட. அந்த வளர்ச்சியில் சம்பாதித்தது சிலருக்குக் கைவிட்டுப் போகும். மகளுக்கு இப்போது 15. இன்னும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டி வருகிறோம்.

மேல்தாடை அதிகமாக முன்னால் வளரும் பிள்ளைக்கு இதற்கு நேர்மாறாக, கழுத்திலோ தலையிலோ பட்டை போட்டுப் பின்னால் பிடித்துநிறுத்தும் ஹெட்கியர் உண்டு. ஆனால் எத்துப்பல் என்று காட்டவரும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு மேல்தாடை பெரிதல்ல, கீழ்த்தாடைதான் சின்னது. அவர்களுக்கு ட்வின் பிளாக் போன்ற கழற்றி மாட்டும் கருவி கொடுப்பார்கள்.

வயது கடந்துவிட்டால்

அண்ணன் மகன் கதை இதுதான். எலும்பு இறுகிய பிறகு சாவி மட்டும் போதாது. அகலம் மட்டும் குறைவு என்றால், அண்ணத்தில் சின்னத் திருகாணிகளை எலும்பிலேயே பதித்து விரிக்கலாம், அல்லது எலும்பை அறுவையில் இளக்கிவிட்டு விரிக்கலாம். முன்னால் நகர்த்த வேண்டுமென்றால் அறுவை.

அதற்கு முன் வழி இரண்டாகப் பிரியும் இடம் ஒன்று உண்டு. அங்கே இப்படிச் சொல்வார்கள்: "ரெண்டு பல்லை எடுத்துட்டுக் கிளிப் போட்டா மறைச்சிடலாம்." குறை லேசாக இருந்தால் அது நல்ல யோசனை, நிறையப் பேர் அதிலேயே நிறைவாக இருக்கிறார்கள். குறை பெரிதாக இருந்தால் வேண்டாம். மறைப்பதற்கு ஒரு திசையில் பல்லை நகர்த்துவார்கள், அறுவைக்குத் தயார் செய்ய அதற்கு நேரெதிர்த் திசையில் நகர்த்துவார்கள். பாதி வழியில் மனசு மாறினால் செய்ததையெல்லாம் அவிழ்க்க வேண்டிவரும். பல் பிடுங்கும் முன் அறுவை டாக்டரிடம் ஒரு தடவை கருத்துக் கேளுங்கள்.

அறுவை என்று முடிவானால், முதலில் 12 முதல் 18 மாதம் கிளிப். இந்தக் காலத்தில் முகம் இன்னும் மோசமாகத் தெரியும், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சாய்ந்திருந்த பல்லை நிமிர்த்துவதால் கீழ்ப்பல் இன்னும் வெளியே வரும். "காசு கொடுத்துக் கெடுத்துட்டு வந்திருக்கியாலே" என்று கல்யாண வீட்டில் ஒரு பெரியப்பா கேட்டே விட்டார். அவன் ஒரு வருடம் எந்த விசேஷத்துக்கும் போட்டோவுக்கு நிற்கவில்லை.

அறுவைக்கு லெஃபோர்ட்-1 என்று பெயர். ரெனே லெஃபோர்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1901-இல் பிணங்களின் மண்டையோட்டை வைத்து, முக எலும்பு எந்த வரிகளில் உடைகிறது என்று கண்டுபிடித்தார். அதில் கீழ்வரி வழியாகத்தான் இன்று வெட்டுகிறார்கள். மேலுதட்டுக்கு உள்ளே, ஈறுக்கு மேலே கீறல். வெளியே தழும்பு தெரியாது. மேல்தாடையை விடுவித்து, வேண்டிய அளவு முன்னால் வைத்து, டைட்டானியம் தகடும் திருகாணியும் போட்டு நிறுத்துவார்கள். தகடு பொதுவாக அப்படியே உள்ளே இருக்கும். ரொம்ப தூரம் நகர்த்த வேண்டிய அண்ணப்பிளவுப் பிள்ளைகளுக்கு, எலும்பை வெட்டிவிட்டு ஒரு கருவி மாட்டி நாளைக்கு 1 மி.மீ. வீதம் மெல்ல இழுக்கும் முறையும் உண்டு.

முதல் மூன்று நாள் வீக்கம் ஏறும். கண்ணாடி கொடுக்காதீர்கள். இரண்டு தலையணை வைத்துத் தலையைத் தூக்கிப் படுக்க வேண்டும். மூக்கு அடைத்திருக்கும், பழுப்பாக ரத்தம் கசியும். மூக்கைச் சிந்தக் கூடாது, சிந்தினால் வீக்கத்தில் காற்று ஏறிவிடும். மேலுதடும் கன்னமும் மரத்திருக்கும், உணர்ச்சி திரும்ப வாரங்களோ மாதங்களோ ஆகும். மரத்த உதட்டுக்குச் சூடு தெரியாது, எனவே எதையும் முதலில் உங்கள் கையில் ஊற்றிப் பார்த்துக் கொடுங்கள்.

சாப்பாடு: முதல் இரண்டு வாரம் நீராகாரம் மட்டும். எங்கள் அண்ணி உளுந்தங்கஞ்சியைக் கருப்பட்டி போட்டு, வடிகட்டியில் இரண்டு தடவை வடித்துச் சிரிஞ்சில் ஏற்றிக் கொடுத்தார்கள். காய் எல்லாம் எடுத்துவிட்ட சொதி, ஆட்டுக்கால் சூப், பருப்புத் தண்ணி. கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் ரப்பர் குழாயை வைத்து மெதுவாகத் தள்ள வேண்டும். அப்படியும் 5 கிலோ இறங்கினான். ஆறு வாரம் வரை மெல்லாமல் விழுங்கும் சாப்பாடுதான். குழைந்த சோறு, உளுந்தங்களி. நாலாம் வாரம் அவன் கேட்டது அல்வா. டாக்டர் சிரித்துக்கொண்டே விட்டார், வழுக்கிக்கொண்டு போவதை எதற்கு மெல்ல வேண்டும். ஆனால் அப்புறம் ஒரு மணி நேரம் கிளிப்பைப் பிரஷ் வைத்துக் கழுவினான்.

பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு சரியாக ஒட்டாது. அறுவைக்குப் பிறகும் ஆறு, ஏழு மாதம் கிளிப், அப்புறம் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர்.

காசு

கிளிப்பை அழகு வைத்தியம் என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிகள் தட்டிவிடும். அறுவைக்குக் கிடைக்குமா என்பதை, "கடிக்கவும் பேசவும் மூச்சுவிடவும் சிரமம்" என்று டாக்டர் எழுதிய கடிதத்தோடு முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அட்மிஷன் போடுவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் அட்டையைக் காட்டிக் கேட்க வேண்டும். ஆபரேஷன் முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை. கல்லூரி மருத்துவமனை என்றால் கிளிப், அறுவை, மயக்க மருந்து, ரூம் வாடகை என்று தனித்தனியாகக் கேளுங்கள். எங்களுக்கு முதலில் சொன்ன தொகையில் தகடும் திருகாணியும் சேரவில்லை. டிஸ்சார்ஜ் அன்று காலையில்தான் தெரிந்தது, அண்ணன் ஏ.டி.எம். தேடி ஓடினான்.